உயர்தரப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்: விடாமல் படிப்பதும் மனம் தளராமல் இருப்பதும்

யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடம் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்தேன். பாடத்தில் வரும் சந்தேகங்கள் பாடத்திட்டத்தோடு மாறின. ஆனால் வகுப்பு முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஒரு பிள்ளை மட்டும் நின்று மெல்லக் கேட்குமே, அந்தக் கேள்விகள் மாறவே இல்லை. அவற்றைப் பிள்ளைகள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். பதில்களில் சில அன்றைக்கே சொன்னவை, சில அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியவை. எங்கிருந்தும் வாசிக்கலாம். நாலாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின்னால் வருகிற பலவும் அதில்தான் நிற்கின்றன.

1. ரீச்சர், விடாமுயற்சி எண்டா ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் படிக்கிறது?

நேற்றுப் பிழைத்த கணக்கை இன்றைக்குத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால் அது உங்களிடம் இருக்கிறது. பன்னிரண்டு மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பாமல், தெரிந்த பாடத்தையே நாலு நிறப் பேனையால் குறிப்பெடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். களைப்பு வந்தது, புள்ளி வரவில்லை.

எண் ஒன்று வேண்டும் என்றால் சொல்கிறேன். பள்ளிக்கூடமும் ரியூசனும் உள்ள நாளில், ஒருவரும் படிப்பிக்காமல் நீங்களே தனிய இருந்து செய்கிற இரண்டு மணித்தியாலம். லீவு நாளில் ஐந்து. கேட்கக் குறைவாக இருக்கும். கிழமையில் ஆறு நாள், இரண்டு வருடம், அதை முறியாமல் செய்த பிள்ளைகள் என் வகுப்புகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

2. எனக்குக் கணக்கு மூளை இல்லை எண்டு சின்னனில இருந்தே சொல்லுகினம். அது மாறுமோ?

ஒரு பிள்ளை வகையீட்டில் வந்து அப்படியே நின்றுவிட்டாள். மூன்று மாதம் ஒரே இடம். கடைசியில் பார்த்தால் வகையீடு அவளுக்கு நன்றாக விளங்கியிருந்தது. பத்தாம் வகுப்பில் படித்த சுட்டிகள்தான் விளங்கியிருக்கவில்லை. மறைச் சுட்டியும் பின்னச் சுட்டியும் வந்தவுடன் கை நடுங்கும், விடை பிழைக்கும், "எனக்கு ஏலாது" என்று பேனையை வைத்துவிடுவாள். பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து இரண்டு கிழமை இருந்தோம். பிறகு வகையீடு தானாக ஓடியது. "மூளை இல்லை" என்று என்னிடம் வந்த பிள்ளைகளில் அநேகமானோருக்கு இப்படி எங்கேயோ பின்னால் ஒரு ஓட்டை இருந்தது. பின்னம், காரணிப்படுத்தல், திரிகோண கணிதம், இவற்றுள் ஒன்று. கீழ் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க வெட்கப்படாதீர்கள்.

மூளை வளரும் என்று நம்பினால் மட்டும் போதுமா என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் இதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். திறமை வளரக்கூடியது என்று சொல்லிக்கொடுத்ததில், புள்ளி குறைந்த மாணவரிடம் ஒரு சிறிய முன்னேற்றம் தெரிந்தது. சிறியதுதான், ஆனால் இருந்தது. அந்த நம்பிக்கை கதவைத் திறந்துவிடும். உள்ளே போய்ச் சுட்டிகளைப் படிக்க வேண்டியது நீங்கள்.

3. படிக்கிறன், படிக்கிறன், ஒண்டும் மண்டையில நிக்குதில்லை. என்னில என்ன பிழை?

உங்களில் பிழை இல்லை. ஹெர்மன் எபிங்கவுஸ் என்ற ஜேர்மன் அறிஞர் பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் எழுதினார். மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது, பிறகு மெதுவாகிறது. ஆகவே இன்றைக்குப் படித்தது நாளைக்குப் பாதி போய்விட்டால் நீங்களும் எல்லோரையும் போல என்றுதான் கருத்து.

மாற்ற வேண்டியது படிக்கிற விதத்தை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு பகுதி மாணவர் பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றப் பகுதியினர் ஒருதரம் வாசித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முன்னுக்கு. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னுக்கு. உயர்தரப் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. புத்தகத்தை மூடுங்கள், வெறும் தாள் எடுங்கள், ஞாபகம் உள்ளதை எழுதுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். அடுத்த நாள் ஒருதரம், நாலு நாள் கழித்து ஒருதரம், இரண்டு கிழமை கழித்து ஒருதரம். எழுதும்போது வராமல் முழிக்கிற அந்த நேரம் மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பதிகிறது அப்போதுதான்.

4. எல்லாரிட்டயும் பிழைக் கொப்பி, பிழைக் கொப்பி எண்டு சொல்லுறீங்கள். அதில என்னத்தை எழுதுறது?

நான் படிப்பித்த காலம் முழுவதிலும் உருப்படியாகக் கண்டுகொண்டது இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். கடந்தகால வினாத்தாள் செய்து திருத்திய பிறகு, பிழைத்த கேள்வி ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதுங்கள்: எந்த வருடம், எத்தனையாம் கேள்வி, நான் எந்த இடத்தில் பிழைவிட்டேன், ஏன். இந்த "ஏன்" என்பதற்கு மூன்று எழுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். தெரியாதது என்றால் "தெ". படித்திருந்தும் அந்த நேரத்தில் வராமல் போனது என்றால் "வ". தெரிந்ததையே அவசரத்தில் பிழையாக எழுதியது என்றால் "அ". சரியான விடையைக் கொப்பியில் எழுத வேண்டாம். எழுதினால் வாசித்துவிட்டுத் தெரியும் என்று நினைத்துவிடுவீர்கள். அடுத்த கிழமை அந்தக் கேள்வியை முதலில் இருந்து செய்ய வேண்டும்.

முதல் மாதம் கொப்பியைத் திறக்கவே மனம் வராது. ஒருவருடைய பிழைகளை எல்லாம் ஓரிடத்தில் பார்ப்பது இலகுவான காரியம் இல்லை. இரண்டாம் மாதம் ஒரு விஷயம் தெரியவரும்: நூறு பிழை என்று நினைத்தது, உண்மையில் ஏழெட்டுப் பிழை திரும்பத் திரும்ப வந்தது. சய அடையாளத்தை இடம் மாற்றும்போது விட்டுவிடுவது. உராய்வு விசையின் திசையைப் பிழையாகக் குறிப்பது. அலகு எழுத மறப்பது. ஏழெட்டு என்று கண்டவுடன் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். "எனக்கு ஒண்டும் ஏலாது" என்ற பெரிய பயம், "நான் உராய்வைப் பிழையாக் கீறுறன்" என்ற சின்ன விஷயமாகிவிடும். நேர்மனப்பாங்கு என்று மேடையில் பேசுவதை நான் இங்கேதான் கண்ணால் கண்டேன்.

எழுத்துகளுக்கு வைத்தியம் வேறு வேறு. "தெ" கூடினால் பாடத்துக்குத் திரும்பப் போக வேண்டும். "வ" கூடினால் மூன்றாம் பதிலில் சொன்னதைச் செய்யுங்கள். "அ" கூடினால் மணிக்கூட்டை வைத்து முழு வினாத்தாள் செய்து பழக வேண்டும். இன்னும் பாடம் படிப்பதால் அது மாறாது.

5. நல்லதையே நினைச்சா நல்லதே நடக்கும் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

பாதி உண்மை. மற்றப் பாதி ஆபத்தானது. காபிரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளர், வேலை தேடிக்கொண்டிருந்த பட்டதாரிகளிடம் செய்த ஆய்வில், நல்ல வேலை கிடைத்துவிட்ட மாதிரிக் கற்பனையில் மிதந்தவர்கள் குறைவான விண்ணப்பங்களே அனுப்பியதையும், அவர்களுக்கு வேலை வாய்ப்புகளும் குறைவாகவே வந்ததையும் கண்டார். "கிடைக்கும், நான் முயன்றால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்களின் கதை நேர்மாறு. வெள்ளைக் கோட்டோடு ஸ்டெதஸ்கோப்பும் போட்டு நிற்கிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது ஒன்று. "இந்தத் தவணைக்குள் சேதன இரசாயனத்தின் தாக்கங்களை என்னால் முடிக்க ஏலும்" என்று நினைப்பது வேறொன்று. முதலாவது, செய்யாமலே செய்து முடித்த திருப்தியைத் தந்துவிடுகிறது.

ஓட்டிங்கன் சொல்கிற வழி எளிமையானது. வேண்டியதை நினையுங்கள், உடனே அதற்குக் குறுக்கே நிற்பது எது என்றும் நினையுங்கள். பிறகு அந்தத் தடை வந்தால் என்ன செய்வேன் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி வையுங்கள். "கரண்ட் போனால் ஒழுங்கைச் சந்திக்குப் போகாமல் திண்ணையில் இருந்து வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன்." இந்த மாதிரி.

6. அம்மா காலமை நாலு மணிக்கு எழுப்பிறா. எனக்குப் படிக்கேலாமல் நித்திரை தூங்குது.

எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? பன்னிரண்டு என்றால் நாலு மணி எழும்பல் வேண்டாம். உங்கள் வயதில் எட்டு மணித்தியால நித்திரை தேவை. படித்தது நினைவில் உறுதிப்படுவதும் நித்திரையில்தான். ஒன்பதுக்குப் படுத்து ஐந்துக்கு எழும்புகிற வீடு என்றால் காலமை மிக அருமையான நேரம். அம்மாவுக்கு இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

7. கோயில் திருவிழாக் காலத்தில லவுட்ஸ்பீக்கர் போட்டா என்ன செய்யிறது?

நல்லூர்த் திருவிழா 25 நாள். ஊர்க் கோயில்கள் அதற்கு முன்னும் பின்னும். நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பரீட்சைக் காலத்தில் சத்தத்தைக் குறைத்த கோயில்கள் உண்டு. அதுவரைக்கும் பாடமாக்குகிற வேலையை அமைதியான காலமைக்குத் தள்ளி, கணக்குச் செய்கிற வேலையைப் பின்னேரத்துக்கு எடுங்கள். கை ஓடுகிற வேலைக்குச் சத்தம் அவ்வளவு இடைஞ்சல் இல்லை. முடிந்தால் பொது நூலகத்துக்குப் போங்கள். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டி எழுப்பிய இடம் அது. அங்கே போய் இருந்து படிக்கும்போது எனக்கு எப்போதும் முதுகு நிமிரும்.

8. போனைத் தொட்டா ரெண்டு மணித்தியாலம் போயிடுது.

மற்ற அறையில், அம்மம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது. குறிப்புகள் வட்சப்பில்தான் வருகின்றன என்றால், பின்னேரம் ஒரு நேரம் வைத்து இறக்கித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

9. நான் ஐஞ்சு இடத்தில ரியூசன். ஒண்டை விட்டா மற்றப் பிள்ளையள் முந்திப் போயிடுவினம் எண்டு பயமாக் கிடக்கு.

ஒரே பாடத்துக்கு இரண்டு சேரிடம் போகிறீர்களா? அப்படியானால் ஒன்றை விடலாம். ரியூட்டரியில் சேர் பலகையில் கணக்குச் செய்யும்போது எல்லாம் விளங்கும். விளங்குவதும் செய்யத் தெரிவதும் ஒன்றில்லை என்பது வீட்டில் வெறும் தாளோடு இருக்கும்போதுதான் தெரியும். முதற் பதிலில் சொன்ன அந்த இரண்டு மணித்தியாலத்தைத் தின்கிற ரியூசன் எதுவோ அதை விடுங்கள். பயமாக இருக்கும். ஒரு மாதம் விட்டுப் பார்த்துவிட்டுப் பிழைக் கொப்பியைப் பாருங்கள், அது சொல்லும்.

10. சின்னம்மான்ர மகள் மூண்டு ஏ. கனடாவில இருந்து மாமி எடுத்தாலும் அதைத்தான் சொல்லுறா. எனக்கு மனம் விட்டுப் போச்சு.

அவர் எழுதியது வேறு வருடம், வேறு வினாத்தாள். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது பார்ப்பது இசட் புள்ளி. உங்கள் புள்ளியில் இருந்து, அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் வகுத்து வருவது. பேப்பர் கஷ்டமாக வந்தால் எல்லோருக்கும் கஷ்டம், சராசரியும் இறங்கும். அதனால் மண்டபத்தில் இருந்து வெளியே வந்து "எனக்கு 60தான் வரும்" என்று அழுவதில் பொருளில்லை. சின்னம்மாவின் மகள் அந்தக் கணக்கில் எங்கேயும் வரமாட்டார்.

மாமி கதைக்கும்போது என்ன செய்வது? "ஓம் மாமி, அக்காவிட்டக் கேட்டு அவவின்ர பாஸ்ட் பேப்பர் கொப்பியளை வாங்கித் தாங்கோ" என்று சொல்லுங்கள். சொன்ன பிள்ளை ஒருத்திக்குக் கொப்பிகள் வந்து சேர்ந்தன. அதைவிட, அந்த அக்காவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து படிப்பித்துவிட்டும் போனார்.

11. ஆரைப் பார்த்து மனம் தேறுறது? மின்குமிழ் கண்டுபிடிச்ச கதை கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு.

சிறுப்பிட்டிக்கு ஒருக்கால் சைக்கிளில் போய்வாருங்கள். சி. வை. தாமோதரம்பிள்ளை 1832இல் பிறந்த ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவர். உத்தியோகம் பார்த்துக்கொண்டே, செல்லரித்துத் தொட்டால் ஒடிகிற பழைய ஏடுகளைத் தேடி எடுத்து, ஒரு பிரதியோடு இன்னொரு பிரதியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, பிழை களைந்து அச்சேற்றினார். கலித்தொகை அப்படித்தான் 1887இல் அச்சில் வந்தது. வேகமாகச் செய்ய முடியாத வேலை. எங்கே பிழை, ஏன் பிழை என்று வரிக்கு வரி கேட்டபடி வருடக்கணக்காக இருந்திருக்கிறார். பிழைக் கொப்பி எழுத அலுப்பு வந்தால் நான் நினைப்பது இவரை.

12. முதற்தரம் சரிவரேல்லை. திரும்ப எடுக்கிறதோ, விடுறதோ?

மூன்று தரம் எழுதலாம் என்பது சட்டம். மூன்று தரமும் எழுதித்தான் ஆக வேண்டும் என்பது நாங்கள் இங்கே உண்டாக்கிய சட்டம். தகுதி பெறுகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பல்கலைக்கழகத்தில் இடமே இல்லை என்பதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இடம் கிடைக்காதது உங்கள் குணத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

முடிவெடுக்கப் பிழைக் கொப்பியை எடுங்கள். "வ"வும் "அ"வும் நிறைய என்றால் இன்னொருதரம் எழுதுவதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் பாடம் உள்ளே இருக்கிறது. "தெ" நிறைய என்றால் உங்களிடமே கேளுங்கள்: போன வருடம் செய்யாத எதை இந்த வருடம் செய்யப்போகிறேன்? ஒரு தாளில் எழுத முடிந்தால் எழுதுங்கள், சோதனைக்கும் விண்ணப்பியுங்கள். எழுத முடியாவிட்டால் அதே வருடம்தான் திரும்ப வரும். நானும் முதற்தரம் தவறியவள். எங்கள் காலத்தில் நாலு பாடம், தூய கணிதமும் பிரயோக கணிதமும் தனித்தனி. பௌதிகவியல் காலை வாரிவிட்டது. ஒரு மாதம் ஒருவர் முகத்திலும் முழிக்கவில்லை. இரண்டாந்தரம் எழுதினேன். ஆனால் முதற்தரம் ஒருநாளும் செய்யாத செய்முறைக் கேள்விகளை அந்த வருடம் முழுக்கச் செய்தேன்.

13. விடாமுயற்சி எண்டு சொல்லிப்போட்டு, விடவும் சொல்லுறீங்களே ரீச்சர்?

இதைக் கேட்ட பிள்ளைக்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எதை விடக்கூடாது என்று தெரிந்தால்தான் எதை விடலாம் என்று தெரியும். உங்களுக்கு இயந்திரங்களில் மனம் என்றால், விடக்கூடாதது இயந்திரம். பொறியியற்பீடம் அதற்கு ஒரு வழி. கிளிநொச்சி அறிவியல் நகரில் பல்கலைக்கழகப் பொறியியற்பீடமும் இருக்கிறது, இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. இரண்டுக்கும் போகிற பஸ் ஒரே வீதியால்தான் போகிறது. யாழ்ப்பாணத்திலேயே உயர் தொழினுட்ப நிறுவனம், திறந்த பல்கலைக்கழக நிலையம், கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. கணிதப் பிரிவில் இரண்டு வருடம் மூச்சுத்திணறியவன் தொழினுட்பப் பக்கம் போய், படலைக்கு வெளியே நின்று எனக்கு மோட்டரின் சுற்றுக் கம்பியைப் பற்றி ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினான். அவன் எதையும் விட்டவன் இல்லை.

14. "நாங்கள் லாம்பில படிச்சனாங்கள்" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. எங்கட வீட்டுக் கஷ்டம் வேறை.

சொல்லமாட்டேன். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல், ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்தோம், உண்மை. ஆனால் அப்போது முழு ஊருக்கும் ஒரே இருட்டு. பக்கத்து வீட்டிலும் அதே போத்தல். இன்றைக்கு ஒரு பிள்ளை அப்பா இல்லாமல், அம்மா கூலி வேலைக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொண்டு படிக்கும்போது பக்கத்து மேசையில் இருப்பவளுக்கு மடிகணினி இருக்கிறது. இந்தத் தனிமை எங்களுக்கு இருக்கவில்லை. உங்கள் பாடு எங்கள் பாட்டைவிட இலகு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கஷ்டத்தை ஒரு ஆசிரியரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். கட்டணம் வாங்காமல் இருத்துகிற ரியூட்டரிகள் உண்டு, பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. கேட்காவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. கேட்பது மானக்கேடு என்று நினைத்து ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகளுக்காக நான் இன்றைக்கும் வருந்துகிறேன். நேரம் இரண்டு மணித்தியாலம் கிடைக்காவிட்டால் முக்கால் மணித்தியாலம். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, ஒரு பிழை, மூன்று வரி.

15. நீங்கள் சொன்னதெல்லாம் செய்து பார்த்திட்டன். ஒண்டிலயும் மனம் போகுதில்லை. சும்மா இருக்க அழுகை வருது.

இரண்டு கிழமைக்கு மேல் இப்படி என்றால், நித்திரையும் சாப்பாடும் குழம்பியிருந்தால், இது படிப்பு முறையில் தீர்கிற விஷயம் இல்லை. கொப்பியை மூடி வையுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் போகிற மாதிரித்தான். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல உதவிச் சேவையில் கதைக்கலாம். உயிரை விடுகிற எண்ணம் ஒருக்கால் வந்தாலும், இந்த வரியை வாசித்து முடிக்க முதல் யாரையாவது கூப்பிடுங்கள். சோதனை அடுத்த வருடமும் இருக்கும்.

16. நான் தாய். மகன் கெட்டிக்காரன் எண்டு எல்லாருக்கும் சொல்லித்தான் வளர்த்தனான். இப்ப கஷ்டமான கணக்கெண்டா தொடுறானில்லை. ஏன்?

முல்லர், டுவெக் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலகுவான புதிர்கள் கொடுத்து, சிலரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றும் சிலரிடம் "நல்லா முயற்சி செய்தாய்" என்றும் சொன்னார்கள். பிறகு கஷ்டமான புதிர்கள் கொடுத்தார்கள். கெட்டிக்காரன் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் வேகமாகச் சோர்ந்தார்கள், அதற்குப் பிறகு வந்த இலகுவானவற்றிலும் புள்ளி இறங்கியது. மகன் தொடாததற்குக் காரணம் சோம்பல் என்று நினைக்காதீர்கள். பிழைத்தால் கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடும் என்று பயப்படுகிறான். இன்றைக்குப் பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கும்போது "எத்தினை சரி?" என்று கேட்காமல், "இண்டைக்கு எது பிழைச்சது, ஒருக்கால் காட்டு பாப்பம்" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணிதம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. அவன் விளங்கப்படுத்தட்டும்.

17. ரிசல்ட் வாற அண்டைக்கு என்ன செய்யிறது?

முதலில் சாப்பிடுங்கள். பிறகு பாருங்கள். பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பாடம் ஒன்றில் எதிர்பாராத வீழ்ச்சி இருந்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம், அதன் கடைசித் திகதியை மட்டும் எழுதி வையுங்கள். வேறு எந்த முடிவும் அந்தக் கிழமையில் எடுக்க வேண்டாம். 12ஆம், 13ஆம் பதில்கள் அடுத்த கிழமைக்கானவை. வெளிநாட்டு அழைப்புகளை அப்பாவோ அம்மாவோ எடுக்கட்டும். நல்ல ரிசல்ட் என்றால், வகுப்பில் சரிவராத சினேகிதி ஒருத்தி இருப்பாள். பின்னேரம் அவள் வீட்டுக்குப் போய்வாருங்கள். ரிசல்ட்டைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை.